பிரான்மலை உச்சியில் ஒரு பருந்து அதிகம்

அமராவதிபுதூரில் உரக்கடை வைத்திருக்கும் மாயக்கண்ணனுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. அப்படியானால் பெயரை மாற்றிக்கொள்ளலாமே என்று கேட்டால், கடை லைசென்ஸ் அந்தப் பெயரில் இருக்கிறது என்பார். கோயிலில் திருநீறு வாங்க மாட்டார். பொங்கல் மட்டும் வாங்கிக்கொள்வார். அது விவசாயப் பொருளாம்.

இப்படிப்பட்டவர் பருந்து எண்ணப் போனதில் ஆச்சரியமில்லை. "கோயிலுக்குப் போறவன் வானத்தப் பார்த்துக் கும்பிடுறான். நான் பார்த்து எண்ணுறேன்" என்று யூரியா வாங்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். குளிர்காலத்தை நம் பக்கம் கழித்த பூனைப்பருந்துகள் மாசி கடைசியில் வடக்கே திரும்பும். மதுரைப் பறவைச் சங்கம் ஒன்று மலைக்கு ஓர் ஆள் வைத்து அவற்றை எண்ணுகிறது. பிரான்மலை உச்சிக்கு ஆள் மாயக்கண்ணன். சம்பளம் இல்லை, தொப்பி உண்டு. அதைக் கடையிலும் கழற்றுவதில்லை.

சங்கடம் ஒன்றுதான். வானத்தில் கருடனைக் கண்டால் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் வழக்கம் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நடை பழகும்போதே வந்துவிடும். மாயக்கண்ணனின் மூளை கடவுளைக் கைவிட்டு வெகு காலமாகிறது; கைகளுக்கு அந்தத் தகவல் போய்ச் சேரவில்லை. எந்தப் பருந்து தென்பட்டாலும் பைனாகுலரை விட்டுவிட்டு இரண்டும் கன்னத்துக்குப் போய்விடும். மறுபடி அதைத் தூக்கிப் பிடிப்பதற்குள் பின்னால் வந்த பறவைகள் துவரங்குறிச்சியைத் தாண்டியிருக்கும்.

வருஷா வருஷம் கணக்கு மெலிந்துகொண்டே வந்தது. மலையைக் கணக்கெடுப்பில் வைத்துக்கொள்வதா, விடுவதா என்று முடிவு செய்ய இந்த மாசியில் சங்கத்திலிருந்து தீபலட்சுமி வருவதாகப் போன் வந்தது. அவரும் கூடவே எண்ணிப் பார்ப்பாராம். மலை போய்விட்டால் மாயக்கண்ணன் வெறும் உரக்கடைக்காரர்.

வழி சொன்னவர் மனைவி நாகவல்லி. "நீங்க பைனாகுலரை விட்டுறாதீக. உங்களுக்கும் சேர்த்து நானே கன்னத்துல போட்டுக்கிறேன்."

"எனக்கு எதுக்குப் போடணும்? எனக்குத்தான் நம்பிக்கையே இல்லையே. அது வெறும் பழக்கம்."

"சரி, அந்தப் பழக்கத்துக்குப் போட்டுக்கிறேன். கெளம்புங்க."

ஏற்பாடு பலித்தது. உச்சிப் பாறையில் ஒரு பக்கம் தீபலட்சுமி. கொஞ்சம் தள்ளி மாயக்கண்ணன். அவர் முதுகுக்குப் பின்னால் நாகவல்லி. வெயில் ஏற ஏறப் பருந்துகள் வந்தன. பின்னால் பக்தி பட்டுப்பட்டென்று நடந்தது. முன்னால் பகுத்தறிவு நிம்மதியாக எண்ணியது.

உச்சிப் பொழுதில் இரண்டு கணக்கையும் ஒப்பிட்டார்கள். மாயக்கண்ணனுடையதில் ஒன்றே ஒன்று அதிகம்.

"அருமையா எண்ணியிருக்கீங்க சார்," என்றார் தீபலட்சுமி. "கடைசியா ஒண்ணு வந்துச்சே, வெள்ளைத் தலை, செம்மண் கலரு. அதையும் சேர்த்துட்டீங்களா?"

"சேர்த்தேன்."

"அது கருடன் சார். இங்க கண்மாயிலயே மீன் பிடிச்சுக்கிட்டுக் கெடக்கும், வடக்க எல்லாம் போகாது. அத அடிச்சிருங்க. மலையை வச்சுக்கலாம்."

பேனா மாயக்கண்ணன் கையில்தான் இருந்தது. ஒரு கோடு போதும். கை அசையவில்லை.

"அடிக்க மாட்டேம்மா."

"ஏன் சார்?"

ஊரையெல்லாம் காரணம் கேட்டே பழகியவர், இப்போது தனக்கு ஒன்று தேடினார். "பார்த்தத இல்லைங்கிறது மூடநம்பிக்கை."

"இல்லைன்னு யாரு சொன்னா? இந்தக் கணக்குல வேணாம், அவ்வளவுதான்."

"அத ஒதுக்கி வைக்க நான் யாரும்மா?"

"பயப்படுறாக," என்றார் நாகவல்லி. "பேனாவ இங்குட்டுக் குடுங்க, நான் அடிக்கிறேன். கருடன் ஒண்ணும் கோவிச்சுக்கிறாது. அதுக்கு இதுவா வேலை?"

"சும்மா இரு, வெளையாடாத!" மாயக்கண்ணன் பேனாவைச் சட்டைப்பைக்குள் போட்டுப் பொத்திக்கொண்டார்.

தீபலட்சுமி பொறுமையாகத்தான் சொன்னார்: "எதை எண்ணணும்னு நாங்க சொல்றபடி எண்ணலைன்னா, மலையை விட்டுற வேண்டியதுதான் சார்." அப்படியே மலையைச் சங்கம் விட்டுவிட்டது. தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு தீபலட்சுமி முன்னால் இறங்கிப் போனார்.

பாதி மலை இறங்கியதும் மாயக்கண்ணன் மனைவி பக்கம் திரும்பினார்.

"ஊருல கேட்டா, முட்டி வலிக்குதுன்னு நானே விட்டுட்டதாச் சொல்லு."

"கேட்டாச் சொல்றேன்," என்றார் நாகவல்லி. "கேக்க ஆளு வரட்டும்."