லாடத்துக்கு வருஷக் கூலி

கன்னையா தன் வேலைக்குத் தானே விலை சொன்னது நாற்பதை நெருங்கும் வயதில்தான். அதுவரை பிரிக்ஃபீல்ட்ஸில் இராமலிங்கம் என்பவரின் பட்டறையில் காளைகளுக்கு லாடம் அடித்துக்கொண்டிருந்தார். செங்கல் ஏற்றும் வண்டிகளும் ரயிலடிச் சரக்கு வண்டிகளும் அங்கே வரிசை கட்டி நிற்கும். வண்டிக்காரர்களும் முதலாளியும் பேரம் பேசுவார்கள். கன்னையா சாய்த்துப் போட்ட மாட்டின் மேல் முழங்காலை ஊன்றியபடி குனிந்தே இருப்பார்.

ஒருநாள், ஆணி மாட்டின் சதையில் இறங்கிவிட்டது என்று ஒரு வண்டிக்காரன் கத்தினான். முதலாளி என்ன ஏதென்று பார்க்காமல் எல்லோர் முன்னிலையிலும் கன்னையாவின் கன்னத்தில் அறைந்தார். ஆணி இறங்கவில்லை. மாட்டுக்கு வேறு ஏதோ நோவு. அன்றைக்கே கன்னையா தன் சொந்தச் சுத்தியலையும் கிடுக்கியையும் சாக்கில் போட்டுக் கட்டினார்.

"போற எடத்துல நமக்குன்னு யாரு மாட்டப் புடிச்சு வச்சிருக்கா?" என்று கேட்டாள் அவர் மனைவி பவுனம்மாள்.

"மாடு இல்லாத ஊரு உண்டா? இனிமே என் வெலைய நான்தான் சொல்லுவேன்."

ரப்பர் விலை உச்சியில் இருந்த வருஷம் அது. கிள்ளானுக்குத் தெற்கே, தெலுக் பங்லிமா காராங் பக்கத்து ஆற்றுமுனைத் தோட்டத்தில் முப்பது வண்டிக்காளைகள் இருப்பதாகவும், லாடம் அடிக்க ஆள் இல்லை என்றும் கேள்விப்பட்டு அங்கே போனார். போனதும் முதலில் மண்ணைப் பார்த்தார். கறுத்த களிமண், கால் வைத்தால் மெத்தை மாதிரி அமுங்கியது. புகைக்கூடத்திலிருந்து ரப்பர் ஷீட்டுகளை ஏற்றிக்கொண்டு மாடுகள் ஆற்றங்கரைக்குப் போய் வந்தன. அங்கிருந்து தொங்காங் என்கிற சரக்குப் படகுகள் அவற்றைக் கிள்ளானுக்குக் கொண்டுபோயின. 'இந்த மண்ணில் ஒரு லாடம் நாலு மாதம் தாங்கும்' என்று கன்னையா கணக்குப் போட்டார்.

மரத்தடியில் வண்டிக்காரர்கள் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. வண்டிக்காரன் வாயைத் திறந்தால் விலையைக் குறைக்கத்தான் திறப்பான் என்பது பிரிக்ஃபீல்ட்ஸில் அவர் படித்த பாடம்.

தோட்டத்துக் கணக்கு வழக்குப் பார்க்கும் கிராணி கந்தப்பு, யாழ்ப்பாணத்துக்காரர். மேசைக்கு அப்பாலிருந்து கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

"ஒவ்வொரு முறையும் வந்து காசு கேக்கிற ஆக்களோட எனக்கு மாரடிக்க ஏலாது. ஒரு மாட்டுக்கு வருசத்துக்கு என்ன எடுப்பீர்? அதைச் சொல்லும்."

கன்னையாவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அவர் ஊரில் உழவு மாட்டுக்கு லாடம் அடிப்பவர்களுக்கு வருஷத்துக்கு ஒருமுறை களத்திலேயே நெல் அளந்து கொடுப்பார்கள். வருஷக் கூலி என்றால் அது மரியாதைக் கூலி.

"ஆறு வெள்ளி ஐயா. இரும்பு, ஆணி எல்லாம் என்னோடது."

"ஓம், சரி. மாசாமாசம் பிரிச்சுத் தாறன்."

கிராணி பேரமே பேசவில்லை. அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு கன்னையா வெளியே வந்தார்.

பவுனம்மாளுக்கு அது பிடிக்கவில்லை. "கேட்டத அப்பிடியே குடுக்குறாருன்னா, நீங்க என்னமோ கொறச்சலாக் கேட்டுட்டீங்க. வண்டிக்காரங்கள ஒரு வார்த்த விசாரிச்சீங்களா?"

"அவனுங்க கெடக்குறானுங்க."

மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு பட்டறையும், ஒட்டினாற்போல ஓர் அறையும் கொடுத்தார்கள். முதல் சில மாதங்கள் ராஜ வாழ்க்கைதான். முப்பது மாடுகளுக்கும் லாடம் அடித்த பிறகு வேலை ஓய்ந்தது. மண்வெட்டிக்குப் பூண் போட்டார், கதவுக்குக் கீல் செய்தார். யாருக்கும் குனிய வேண்டியிருக்கவில்லை. ரெங்கசாமி என்ற வண்டிக்காரன் போகும்போதும் வரும்போதும் சீண்டுவான்.

"மாடு நின்னாலும் காசு, படுத்தாலும் காசு. குடுத்து வச்ச ஆளுலா அண்ணே நீங்க! எனக்கும் ஒரு சுத்தியல் குடுங்க, பக்கத்துல படுத்துக்குறேன்."

"ஒனக்கு எதுக்கு சுத்தியலு? ஒன் நாக்கே போதும், ஆணி அடிக்க."

பிறகு ரோடு திறந்தது.

கிள்ளான் வரைக்கும் கருங்கல் சல்லி கொட்டி உருளை ஓட்டிய புது ரோடு. திறந்த வாரமே தோட்டம் தொங்காங்கை நிறுத்திவிட்டது. ஷீட்டுகள் இனி வண்டியிலேயே கிள்ளான் ரயிலடிக்குப் போகும் என்று துரையின் உத்தரவு வந்தது. கன்னையாவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. வேலை தேடி முதன்முதலாக நடந்து வந்த அன்று, வழியில் குவித்திருந்த கல்லில் உட்கார்ந்துதான் அவர் கால் முள்ளைப் பிடுங்கினார். அந்தக் கல் எதற்கு என்று ஏனோ அன்று கேட்கத் தோன்றவில்லை.

நாலு மாதம் தாங்க வேண்டிய லாடம் மூன்றே வாரத்தில் வெற்றிலை மாதிரி தேய்ந்து வந்தது. ஒரு பக்கம் அடித்து முடிப்பதற்குள் மறுபக்கம் தேய்ந்த மாடுகள் வந்து நின்றன. மாதக் காசு இரும்புக்கே போதவில்லை. அரிசிப் பானையின் அடி தெரிந்தது. சுத்தியலைக் கீழே போட்டால் பட்டறையும் போகும், அறையும் போகும். பிறகு தோட்டக் கூலியாக வேண்டும், அல்லது இராமலிங்கத்தின் வாசலில் போய் நிற்க வேண்டும். இரண்டுக்கும் அவர் மனம் ஒப்பவில்லை.

அப்படி ஒரு நாளில்தான் அவர் அதைச் செய்தார். கழற்றிப் போட்ட பழைய லாடங்களில் சற்றுத் தடித்தவற்றைப் பொறுக்கி, தட்டி நிமிர்த்தி, ரெங்கசாமியின் செவலைக் காளைக்கு அடித்தார். ரெங்கசாமி கவனிக்கவில்லை. பவுனம்மாள் கவனித்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஒரு வாரம் போயிருக்கும். ரெங்கசாமி வண்டி இல்லாமல், செவலையை மட்டும் நடத்திக்கொண்டு வந்தான். மாடு ஒரு காலைத் தரையில் ஊன்றவில்லை. முட்டியில் தோல் வழண்டிருந்தது.

"பாலத்து எறக்கத்துல லாடம் ரெண்டாப் பொளந்துருச்சு. பாரத்தோட மண்டி போட்டுருச்சு அண்ணே. பின்னால வந்தவன் புடிக்கலன்னா வண்டியோட நானும் ஆத்துலதான்." உடைந்த துண்டைக் கன்னையாவின் முன்னால் போட்டான். அவன் குரலில் கேலி இல்லை. "இது பழசு. நீங்களே அடிச்ச பழசு. நடைக்கு இவ்வளவுன்னுதான் எனக்குக் கூலி. மாடு படுத்தா எனக்கு ஏது காசு? ஒங்களுக்கு மட்டும் வருசக் கூலி!"

கன்னையாவால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கன்னத்தில் அறை வாங்கிய அன்று அவர் பக்கம் நியாயம் இருந்தது. இன்று யாரும் கை ஓங்கவில்லை, நியாயம் முழுக்க எதிரே நின்றது.

நேரே ஆபீசுக்குப் போனார்.

"ஐயா, அந்த வெல மண்ணு ரோட்டுக்குச் சொன்னது. கல்லு ரோட்டுக்குக் கட்டல. கிள்ளானுக்குப் போற நடைய வச்சு, நடைக்கு இவ்வளவுன்னு போட்டுக் குடுங்க."

"துரையிட்ட வருசத்துக்கு எண்டு சொல்லி, அவரும் சம்மதிச்சிட்டார். இனி நான் போய் மாத்திச் சொன்னா, என்ர வேலைக்குத்தான் உலை."

"ரோடு வரப்போவுதுன்னு ஒங்களுக்குத் தெரியுமா ஐயா?"

கந்தப்பு பேனாவைத் துடைத்தார். "தெரியும். நீர் கேக்கேல்லை."

"நீங்க சொல்லியிருக்கலாமே."

"சொன்னா ஆறு வெள்ளிக்கு வந்திருப்பீரோ காணும்? எனக்கும் மேல ஆள் இருக்கு." குரலைத் தாழ்த்தினார். "ஏலாதெண்டா விட்டிட்டுப் போம். கிள்ளானிலயிருந்து ஒருத்தன் வாறதுக்கு நிக்கிறான். பட்டறையை மட்டும் ஒழிச்சுத் தரவேணும்."

வருஷம் முடிய இன்னும் ஐந்து மாதம் கிடந்தது. கன்னையா ஜன்னல் வழியே மாட்டுக் கொட்டகையைப் பார்த்தார். செவலை காலைத் தூக்கியபடியே நின்றுகொண்டிருந்தது.

"போகல ஐயா. என் பேர செக்ரோல் புஸ்தகத்துல எழுதுங்க. காலையில தோட்ட வேல செய்யுறேன். மத்தியானத்துக்கு மேல லாடம் அடிக்கிறேன்."

கிராணி நிமிர்ந்து பார்த்தார். "கூலியாவோ?"

"கூலியாத்தான். லாடக் காசு மொத்தமும் இரும்புக்குப் போவட்டும். சோத்துக்கு அந்தக் கூலி."

வீட்டில் சொன்னபோது பவுனம்மாள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "எவனுக்கும் குனிய மாட்டேன்னு சொல்லித்தான கெளம்பி வந்தீங்க" என்றாள். பிறகு, "என் பேரையும் எழுதச் சொல்லியிருக்கலாம்" என்றாள்.

மறுநாள் விடியலில் பெரட்டுக்களத்தில் கூலிகளோடு கன்னையாவும் வரிசையில் நின்றார். பேர் கூப்பிட்டுக்கொண்டே வந்த வேலாயுதம் கங்காணி அவர் முன்னால் நின்று, வாயில் கிடந்த வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார்.

"அடடே, பட்டற மொதலாளி! மொதலாளிக்குத் தங்கப் பிடி போட்ட மண்வெட்டியாப் பாத்து எடுத்தாங்கடா!"

களம் முழுக்கச் சிரித்தது. வண்டிக்காரர்கள் பக்கமும் சிரிப்புக் கேட்டது. நீட்டிய மண்வெட்டியைக் கன்னையா வாங்கிக்கொண்டு, களை வெட்டும் கூட்டத்தோடு நடந்தார்.

மத்தியானம் திரும்பி வந்தபோது உள்ளங்கை இரண்டும் கொப்புளித்திருந்தன. கை கழுவிவிட்டு, கிள்ளான் வண்டியில் வந்து இறங்கிய புது இரும்பைக் காய்ச்சி, முழுக் கனத்தில் லாடம் தட்டினார். ரெங்கசாமி கயிறு போட்டுச் செவலையைச் சாய்த்தான். பவுனம்மாள் கொம்பைப் பிடித்துக்கொண்டாள். நோவுள்ள காலை விட்டுவிட்டு, மற்ற கால்களின் பழைய லாடங்களைக் கழற்றிக் குளம்பைச் சீவினார் கன்னையா. கொப்புளம் உடைந்து சுத்தியல் பிடி வழுக்கியது. முதல் ஆணி கோணலாகப் போக, பிடுங்கிவிட்டு மறுபடி வைத்தார்.

ரெங்கசாமி புது லாடத்தை விரலால் சுண்டிப் பார்த்தான். காலையில் அவனும் சிரித்தவன்தான்.

"நாளைக்கும் பெரட்டுக்குப் போவீங்களா அண்ணே?"

"வருசம் முடியுற வரைக்கும்."

"அப்புறம்?"

கன்னையா அடுத்த ஆணிகளை வாயில் கவ்விக்கொண்டிருந்தார். மாட்டின் காலை இறுக்கிப் பிடிக்கச் சொல்லி அவனுக்குக் கையைக் காட்டிவிட்டு, சுத்தியலை எடுத்தார்.