சமையலறை நாற்காலியில் ஒருவர்

சத்தியமாக நடந்தது இது. நம்பாதவர்கள் விளக்கை அணைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம், எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. பாதியை எனக்குச் சொன்னவர் வசந்தகுமாரி. மீதியை அந்தப் பையனே அவருக்கு டெலிபோனில் சொன்னான், அழுகையும் மூச்சுமாக.

பையன் பெயர் ஸ்டொடர்ட். அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்து உருளைக்கிழங்குத் தோட்டக்காரர் மகன். மார்மன் சபைக்காரர்கள் பிள்ளைக்குப் பத்தொன்பது வயதானால் இரண்டு வருஷம் ஊழியத்துக்கு அனுப்பிவிடுவார்கள். கறுப்புக் கோட்டு, டை, கையில் வேதப்புத்தகம். மீசை ஒழுங்காக முளைக்காத இந்தப் பயல்களுக்குப் பட்டம் என்ன தெரியுமா? மூப்பர்! நம் ஸ்டொடர்ட் மூப்பர் வந்து இறங்கிய இடம் கனடாவில் மான்ட்ரியல் நகரம், செயின்ட்-மிஷேல் பேட்டை. 1974 ஜனவரியில், அவன் வந்து பத்து மாதம் ஆகியிருந்தது.

அவர்களுக்குச் சட்டதிட்டம் கொஞ்சநஞ்சமில்லை. எங்கே போனாலும் இரண்டு பேராகத்தான் போக வேண்டும். காபி, டீ தொடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, பெண் தனியாக இருக்கும் வீட்டுக்குள் கால் வைக்கவே கூடாது. வீட்டில் பெரிய ஆம்பளை ஒருவர் இருந்தாக வேண்டும். மீறினால் மூட்டை கட்டி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அப்படித் திரும்பி வருகிறவன் முகத்தில் விழிக்கவே மாட்டேன் என்று அவன் அப்பா வழியனுப்பும்போதே சொல்லியிருந்தார்.

திங்கள்கிழமை துணி துவைப்பதில் போயிற்று. செவ்வாய் காலையிலிருந்து கதவு தட்டல். தட்டிய கதவெல்லாம் முகத்தில் அறைந்தது. அந்த ஊர் ஜனங்கள் பாதிரியார்களிடம் பட்டது போதும் என்று சர்ச்சுக்கே முழுக்குப் போட்டிருந்த நேரம். ஒரு கிழவர் மாடியிலிருந்து பாத்திரம் கழுவிய தண்ணீரைத் தலையில் ஊற்றினார். கோட்டில் விழுந்த தண்ணீர் அப்படியே உறைந்துபோனது.

கூட வந்த நீல்சன் இருமிக்கொண்டே, “போதும்டா, ரூமுக்குப் போயிடலாம்” என்றான். எல்லாம் இங்கிலீஷில்தான், நான் நம் பேச்சில் சொல்கிறேன்.

“இன்னும் ஒரே ஒரு வீடு” என்றான் ஸ்டொடர்ட். விதி யாரை விட்டது!

தெருவிலிருந்து வளைந்து ஏறும் இரும்புப் படி. மூன்றாம் மாடி. கதவைத் திறந்தவர் வசந்தகுமாரி. புடவைக்கு மேல் ஸ்வெட்டர். சென்னையிலிருந்து வந்து ஆறு மாதம். கணவர் குணசீலன் இன்ஜினியர்; வடக்கே அணைக்கட்டு வேலைக்குப் போனால் வீடு திரும்ப வாரக்கணக்காகும். இது வாசலில் நின்ற பையன்களுக்குத் தெரியாது.

“ஐயோ பாவம், விறைச்சுப் போயிட்டீங்களே! உள்ள வாங்கப்பா.”

ஸ்டொடர்ட் பழக்கத்தில் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். உள்ளே ஆம்பளை யாராவது உண்டா?

உண்டு. நடையின் கோடியில், சமையலறை நாற்காலியில், பனியன் போட்ட ஒருவர். மேசையில் முழங்கை. இவர்களையே முறைத்துக்கொண்டிருந்தார்.

அவருக்குத் தலை குனிந்து ஒரு வணக்கம் வைத்துவிட்டு ஸ்டொடர்ட் உள்ளே போனான்.

கூத்து இங்கேதான் ஆரம்பம். அந்த மேசைக்கு மேலே சுவரில் முருகன் காலண்டர். வெள்ளைக்காரப் பிள்ளை நம்ம முருகனைக் கும்பிடுகிறானே என்று வசந்தகுமாரி பூரித்துப் போனார். காபி வேண்டாம் என்றதும் பாலைக் காய்ச்சி இரண்டு டம்ளரில் கொடுத்தார். நாற்காலிக்காரருக்குக் கொடுக்கவில்லை. அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. புருஷன் பெண்டாட்டிக்குள் ஏதோ சண்டை போலிருக்கிறது என்று ஸ்டொடர்ட் நினைத்துக்கொண்டான். பத்து மாதத்தில் அவனை உட்காரவைத்துப் பேசிய முதல் வீடு அது. டெலிபோன் நம்பர் கொடுத்து, வியாழக்கிழமையும் வரச் சொன்னார். பையனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

வியாழன். நாலரைக்கே இருட்டிவிட்டது.

இந்த முறை நாற்காலி நடைக்கு வந்திருந்தது. அதே பனியன். அதே முறைப்பு. நடையோ ஒரு ஆள் போகிற அகலம்தான். வசந்தகுமாரி இரண்டு கையிலும் டம்ளரோடு அந்த வழியாகவே வந்தார். எங்கேயும் இடிக்கவில்லை. ஒதுங்கவுமில்லை.

“உங்க ரெண்டு பேரைத் தவிர இந்த வாரம் நான் மனுஷ முகமே பார்க்கலப்பா” என்று சிரித்தார்.

ஸ்டொடர்ட் டம்ளரைக் குடிக்காமலே கீழே வைத்துவிட்டான். நீல்சன் இருமலைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஜெபம் செய்துவிட்டு ஓடிவிடலாம். மூன்று பேரும் கண்ணை மூடினார்கள்.

கிர்ர்ர்...

நாற்காலிக் கால் தரையில் இழுபடும் சத்தம்.

ஜெபம் சொன்ன ஸ்டொடர்டுக்கு நாக்கு குழறியது. ஜெபத்தை நிறுத்தவும் பயம்.

கிர்ர்ர்... பக்கத்தில்.

பிடரியில் மூச்சு... ஈரமாக...

“ஆமென்!”

கண்ணைத் திறந்தான். நடையில் நாற்காலி இல்லை. சமையலறை மேசையடியில் சாதுவாகக் கிடந்தது.

காலியாக.

இரும்புப் படியில் எப்படி இறங்கினார்கள் என்று இருவருக்குமே தெரியாது.

சனிக்கிழமை ஊழியத் தலைவர் கூப்பிட்டு அனுப்பினார். கீழ்வீட்டுக்காரி புகார் சொல்லியிருந்தாள், தனியாக இருக்கும் பெண்ணிடம் பையன்கள் வந்து போகிறார்கள் என்று.

“வீட்டில் ஆம்பளை இருந்தாரா?”

“இருந்தார் சார்.”

“சரி, நாளைக்கு நேரிலேயே கேட்போம்.”

ஞாயிற்றுக்கிழமை தலைவரோடு இருவரும் போனார்கள். கதவைத் திறந்தவர் ஒல்லியான, கண்ணாடி போட்ட மனிதர். குணசீலன். ஸ்டொடர்ட் ஜன்மத்தில் பார்த்திராத முகம். செவ்வாயும் வியாழனும் வீட்டில் இருந்தீர்களா என்று தலைவர் கேட்டார்.

“நான் நேத்து ராத்திரிதான் வந்தேன். ஏன்?” என்றார் குணசீலன்.

ஸ்டொடர்ட் வாய் தவறிச் சொல்லிவிட்டான். “இவரில்லை... வேற ஒருத்தர். பனியன் போட்டுக்கிட்டு, சமையலறையில...”

குணசீலன் முகம் கறுத்தது. மனைவி பக்கம் திரும்பித் தமிழில் கேட்டார்.

“யாருடி அது?”

“சத்தியமா யாரும் இல்லீங்க! நான் மட்டும்தான் இருந்தேன்!”

“அப்ப இவன் கனவா கண்டான்?”

ஸ்டொடர்டுக்குத் தமிழ் தெரியாது. தமிழ் தெரிந்தா புரிய வேண்டும்? குணசீலன் போட்ட சத்தமும் அந்த அம்மாள் பதறிய பதற்றமும் போதாதா? ஆள் இருந்தான் என்றால் இவன் தப்பிப்பான், அவள் வாழ்க்கை போகும். இல்லை என்றால் அவள் தப்பிப்பாள், இவன் போவான். அப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது.

“யாரும் இல்லை சார். நான் பொய் சொன்னேன். அவங்க தனியாத்தான் இருந்தாங்க. நான்தான் நீல்சனையும் உள்ள இழுத்துட்டுப் போனேன்.”

நீல்சன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஸ்டொடர்ட் அவன் காலை அழுத்தி மிதித்தான்.

மறுநாளே விமானம் ஏற்றிவிட்டார்கள். அந்தப் பிள்ளையை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அன்றைக்கு இரவு வசந்தகுமாரி வீட்டில் டெலிபோன் அடித்தது.

“நான் ஸ்டொடர்ட். உங்க வீட்டுல இப்ப அந்தச் சமையலறைப் பக்கம்... எல்லாம் சரியா இருக்கா?”

“இருக்கேப்பா. என்ன ஆச்சு? வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துட்டியா? அப்பா என்ன சொன்னார்?”

“வெளியவே வரல. அறையைச் சாத்திக்கிட்டு உட்கார்ந்திருக்கார். அம்மாதான் கதவைத் திறந்தாங்க.”

அழுகை. அப்புறம் குரல் தேய்ந்தது.

“என்னைக் கட்டிக்கிட்டு அழுதாங்க. அழுதுகிட்டே என் தோளுக்கு மேல பார்த்தாங்க... ‘உன்னைத் தனியா அனுப்பிட்டாங்கன்னாங்களே, கூட ஆள் வந்திருக்காரே’ன்னாங்க. ‘வாசல்லயே நிக்காதீங்க, உள்ள வாங்க’ன்னு அவங்களே கூப்பிட்டுட்டாங்க.”

“யாரைப்பா?”

கம்பியில் தூரத்துச் சத்தம் மட்டும். கிர்ர்ர்...

“இப்ப எங்கப்பாவோட நாற்காலியில அந்தப் பனியன்காரர் உட்கார்ந்திருக்கார். அம்மா அவருக்குச் சாப்பாடு போட்டுட்டிருக்காங்க.”