எட்டு மணிக் காற்று

எங்கள் நன்சியோ ஊர் ரேடியோவில் கபுலா என்கிற பெண் காற்று நிலவரம் வாசிக்கும்போது கரையில் எவனும் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் துடைப்பத்தை எடுப்பேன். டகா என்கிற பொடிமீன் பிடிக்கப் படகுகள் பொழுது சாய்ந்துதான் ஏரிக்குள் போகும். என் வீட்டுக்காரரை அந்த ஏரி கொண்டுபோனது. இப்போது போகிறவன் என் ஒரே மகன் மலிமா. வானிலைக்காரர்கள் மதியம் வெளியிடும் காற்று ஃபைலை இணையத்திலிருந்து தானாக இறக்கிவைக்க கபுலாவே கம்ப்யூட்டரில் ஸ்கிரிப்ட் என்று ஒரு சின்ன நிரல் எழுதியிருக்கிறாள். கெட்டிக்காரி!

நிலையத்துக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்த மறுநாள் ரேடியோவைத் திருகினேன்.

"இன்னிக்குக் காத்து எப்படின்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சதும் சொல்றேன். அதுவரைக்கும் யாரும் படகை எறக்காதீங்க" என்றாள் கபுலா.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. வலை ஏற்றியாயிற்று, விளக்குக்கு எண்ணெய் ஊற்றியாயிற்று. ஏரியோ தொட்டித் தண்ணீர் மாதிரி அசையாமல் கிடந்தது. நேரே நிலையத்துக்குப் போய்க் கதவைத் தள்ளினேன்.

"ஏண்டி, தெரியாதுன்னு சொல்றதுக்கா உனக்கு ஒரு மைக்கு?"

"அப்படிக் கேளுங்கம்மா! நேத்து ஃபைலைப் படிச்சுட்டுப் போன்னா கேக்க மாட்டேங்குறா" என்றார் நிலையப் பொறுப்பாளர் பரோங்கோ.

"நேத்துக் காத்தை நம்பி இன்னிக்கு யாரை அனுப்பணும்? உங்க புள்ளையையா?" என்றாள் கபுலா, திரும்பாமலே.

திரையைக் காட்டினாள். இன்றைய தேதி போட்ட ஃபைல் இருந்தது. திறந்தால் எண்கள் இல்லை. 'அப்படி ஒரு ஃபைல் இல்லை' என்று சர்வர் அனுப்பிய ஒற்றை வரிதான். அதையே காற்று என்று நம்பிச் சேமித்துவைத்திருந்தது அந்த ஸ்கிரிப்ட். மறுபடி ஓட்டினால், 'இன்றைய ஃபைல் ஏற்கெனவே இருக்கிறது' என்று சொல்லிவிட்டு நின்றுவிட்டது.

நேற்றைய ஃபைலைக் கேட்டுப் பார்த்தாள். உடனே வந்தது. "நெட்டும் சரி, முகவரியும் சரி. அப்ப என்ன கேடு இதுக்கு?" என்று முணுமுணுத்தாள். போலி ஃபைல் சேமிக்கப்பட்ட நேரத்தைப் பார்த்தவள் நெற்றியில் படீரென்று அடித்துக்கொண்டாள்.

"மலிமாம்மா, மதியச் சோறு எத்தனை மணிக்குச் சாப்பிட்டீங்க?"

"எட்டு மணிக்கு. இதென்னடி கேள்வி?"

"புது மிஷின்ல ஃபைலை எறக்குற நேரம் நானும் எட்டுன்னுதான் போட்டேன். அதுக்கு எட்டுன்னா காலையில!"

எங்கள் ஊரில் விடிந்ததிலிருந்து மணி ஓடும், மிஷினுக்கு நள்ளிரவிலிருந்து; எங்கள் எட்டு அதற்கு மதியம் இரண்டு. மதியம் வருகிற ஃபைலைக் காலையிலேயே போய்க் கேட்டால் எவன் கொடுப்பான்? அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கோபத்தோடு போன நானும் சிரித்துவிட்டேன்.

போலியை அழித்துவிட்டு மறுபடி ஓட்டினாள். இம்முறை எண்கள் வரிசையாக வந்து இறங்கின. நேரத்தைத் திருத்தினாள். இனிமேல் எண்கள் இல்லாத ஃபைல் வந்தால் சேமிக்காமல் கத்த வேண்டும் என்று ஸ்கிரிப்டில் ஒரு வரியும் சேர்த்தாள்.

"ராத்திரி பூரா லேசான காத்துதான். போகலாம்."

"நேத்து ஃபைல்லயும் இதேதானே! நான் அப்பவே சொன்னேன்!" என்று குதித்தார் பரோங்கோ.

"சொன்னீங்க சார். ஆனா உங்களுக்குத் தெரியாது" என்றாள்.

என் வீட்டுக்காரர் போன அன்றும் ஏரி இப்படித்தான் கிடந்தது. 'காத்தே இல்லப்பா, போ' என்று கரையே சொன்னது. தெரியாது என்று சொல்ல அன்றைக்கு ஒரு ஆள் இல்லை.

கபுலாவின் கன்னத்தை வழித்து முத்தமிட்டுவிட்டுக் கரைக்கு ஓடினேன்.

"எறக்குடா படகை" என்றேன் மலிமாவிடம். "கபுலா சொல்லிட்டா."