முறுக்கு மீசைத் தலைவர்

வெளிநாட்டில் படிக்கும் மகள் வீடியோ காலில் ஓர் அருங்காட்சியகத்தைக் காட்டினாள். ஆட்சி மாறியதும் தெருவிலிருந்து அகற்றிய சோவியத் தலைவர் சிலை அங்கே நின்றது.

"இந்த நாட்ட அடக்கி ஆண்டவருன்னு எழுதியிருக்குதுப்பா" என்றாள்.

எனக்கோ கற்பூர வாசனை வந்தது. நான் சிறுவனாக இருந்தபோது, மணலூர்பேட்டையில் அப்பாவின் கட்சிக்காரர்கள் அதே தலைவருக்குச் சிலை வைத்தார்கள். ஐயனார் சிலை செய்கிற கொத்தனாரின் கைவேலை. உருட்டு விழியும் முறுக்கு மீசையுமாகத் தலைவர் எழுந்தார். மறுநாளே நடவுப் பெண்கள் எலுமிச்சை மாலை போட்டுக் கற்பூரம் ஏற்றினார்கள்.

"இவரு சாமி இல்லம்மா, தலைவரு" என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

"இருக்கட்டுங்க. எங்களப் பாத்துக்கினு நிக்கிறாரு இல்ல, போதும்" என்றாள் ஒருத்தி.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர்களுக்குத் தீப்பெட்டி எடுத்துக் கொடுத்தவர் அப்பாதான்.

மகளிடம் கேட்டேன்: "அந்தச் சிலைக்கு முறுக்கு மீசை இருக்குதா?"

"இல்லப்பா."

"அப்ப அவரு வேற. நம்மாளு வேற."