ஜானு நடந்து போகிற படம்

மயிலாப்பூரில் நான் மாடிப் போர்ஷனில் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் ஜெயராம். பூகோள வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். தன் அம்மாவின் முகம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது.

அம்மா ஜானு அவரைப் பெற்ற மறுவாரமே இறந்துபோனாள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பேசாத படத்தில் நடித்திருந்தாள். பத்து நிமிஷக் காதல் கதை. சினிமாவில் ஆடியவள் என்று அப்பா வீட்டு மனிதர்கள் அவள் போட்டோ ஒன்றையும் விடாமல் அடுப்பில் போட்டார்கள். யாரோ ஓர் அத்தை மட்டும், "தாடை அவ தாடைடா" என்று சொல்லியிருந்தாளாம். சவரம் செய்யும்போது ஜெயராம் கண்ணாடியில் மேல்பாதி முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டு நிற்பார். மாடிப்படி இறங்கும்போது பார்த்திருக்கிறேன்.

படத்தை எடுத்த சுப்பராமன், இருந்தவரைக்கும் அது எரிந்துபோயிற்று என்றே சொல்லிவந்தார். தொண்ணூற்று நாலில் ஆழ்வார்பேட்டையில் அவர் இறந்தார். துக்கம் கேட்கப் போன ஜெயராமிடம் சுப்பராமனின் மகன் ஒரு தகர டப்பாவைக் கொடுத்தான். "உங்கம்மா படம். எரியல, பரண்ல இருந்தது. எடுத்துண்டு போங்கோ."

தீட்டு வீட்டுப் பொருளைப் பத்து நாளுக்குள் யாரும் வாங்கமாட்டார்கள். ஜெயராமால் காத்திருக்க முடியவில்லை; வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். கொல்லைக் குழாயடியில் டப்பாவை வைத்துவிட்டு, "உள்ள கொண்டு போயிடாதே, காமாக்ஷி" என்று மனைவியிடம் சொல்லி, தலைக்குக் குளித்து, தியாகராய நகருக்குப் புறப்பட்டார். அங்கே சினிமா எடிட்டராக இருந்த உமர் ஃபாரூக் அவருடைய பழைய மாணவர்; படத்தைப் பார்க்க வழி கேட்கப் போனார்.

சாயந்திரம் நான் வந்தபோது கொல்லைக் கொடி முழுக்க ஃபிலிம் தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடி மாதிரி இருந்தது. பக்கெட்டில் வெந்நீர் கறுத்துக் கிடந்தது. ஜெயராம் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தீட்டோட எப்படின்னா உள்ள வைக்கறது?" என்றார் காமாக்ஷி மாமி. "மாமியார் மொத மொதலா ஆத்துக்கு வரா. அலம்பி ஸ்வாமிகிட்ட வெச்சு நமஸ்காரம் பண்ணணும்னு..."

ஜெயராம் ஃபிலிமைக் கொடியிலிருந்து இறக்கிச் சுற்றி டப்பாவில் வைத்தார்.

மறுநாள் நானும் அவரோடு போனேன். ஃபாரூக் டப்பாவைத் திறந்ததும் சிரித்துவிட்டார்.

"இன்னா சார், தொவைச்சு இஸ்திரி போட்டு எட்டாந்துகீறீங்க?"

ஜெயராமின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "மேல பூசிகீற பிசின்லதான் சார் படமே கீது. வெந்நீர்ல அது கரைஞ்சு பூடும்."

சுருளின் நடுவில் மட்டும் கொஞ்சம் ஒட்டிப்போய்ப் பிரியாமல் கிடந்தது. அங்கே தண்ணீர் போகவில்லை. ஃபாரூக் பிளேடால் மெல்லப் பிரித்து, விளக்குப் பெட்டிமேல் விரித்து, லென்ஸைக் கொடுத்தார்.

ஜெயராம் குனிந்தார். ஒவ்வொரு கட்டமாக நகர்த்தினார்.

"கடற்கரை. ஒருத்தன் உக்காந்திருக்கான்... அம்மா நிக்கறா. முதுகுதான் தெரியறது. தலை நிறைய பூ." லென்ஸை நகர்த்தினார். "நடக்கறா. ஃபாரூக், எப்போடா திரும்புவா?"

ஃபாரூக் இன்னொரு லென்ஸால் கடைசி வரை பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இத்து கடைசிப் பாகம் சார். போய்க்கினே இருக்காங்க. அத்தோட படம் முடிஞ்சிருது."

"முன்னாடி?"

ஃபாரூக் வெறும் ஃபிலிமைத் தூக்கிக் காட்டினார். அதற்கு அந்தப் பக்கம் ட்யூப்லைட் தெரிந்தது.

ஜெயராம் மறுபடி குனிந்தார். முதல் கட்டத்திலிருந்து ஆரம்பித்தார்.

வீட்டுக்கு வந்தபோது இருட்டிவிட்டது. மாமி வாசலிலேயே நின்றிருந்தார். நேராகக் கொல்லைக்குப் போய் ஜெயராம் டப்பாவைக் குழாயடியில் வைத்தார்.

"உள்ள கொண்டு வாங்கோன்னா," என்றார் மாமி, கதவைப் பிடித்துக்கொண்டு.

"பத்து நாள் ஆகட்டும். அதுவரைக்கும் இங்கயே இருக்கட்டும்."

ஜெயராம் ஈரத் தரையில் டப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.