பாலத்தருகே ஒரு மாடன்

உமாமகேஸ்வரிக்கு அன்று காலை போனில் வந்தது பாராட்டுதான். அதைப் படித்ததும் அவள் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

"கட்டுரை பிரமாதம். அந்த வெல்டர் ஆற்றங்கரையில் சுடலைமாடனுக்குப் பீடம் கட்டியிருக்கிறார் என்ற இடம் ரொம்பப் பிடித்தது. சைட்டில் ஒருத்தரிடம் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். மத்தியானம் பார்ப்போம்."

அனுப்பியவர் மாட்டுங்கா அனந்தநாராயணன். மொசாம்பிக்கில் ரயில் பாலம் கட்டும் கம்பெனிக்கு ஆலோசகர். அன்று கிங்ஸ் சர்க்கிள் அரங்கில் உமா படிக்கப்போகும் கட்டுரைக்குப் பதில் சொல்ல வருகிறவரும் அவர்தான்.

தாராவியில் பிறந்து, மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்து, செம்பூர்க் கல்லூரியில் அரசியல் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறவள் உமா. இந்தியா கடன் கொடுக்கிறது, நம்மவர்கள் பாலம் கட்டுகிறார்கள், ஆப்பிரிக்கா முன்னேறுகிறது என்று அறிக்கைகள் அடுக்கிக்கொண்டே போகும். முன்னேறியது யார் என்று கேட்பதுதான் அவள் ஆராய்ச்சி. "அங்கன பாலம் கட்டுனா ஒனக்கு என்னட்டி?" என்று அவள் அப்பாவே கேட்டிருக்கிறார். கேட்டால் கேட்கட்டும். அவள் பிடித்தால் உடும்புப் பிடி.

பிடி கிடைத்தது முகேஷிடம். தாராவியில் அடுத்த சந்துக்காரன், அந்தப் பாலத்தில் வெல்டர். உள்ளூர் இளைஞர்களுக்கு வெல்டிங் பழக்கி வேலை கொடுப்போம் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. "ஒருநாளு பயலுவளுக்கு ஹெல்மெட்ட மாட்டி, என்னயப் பக்கத்துல நிறுத்தி போட்டோ எடுத்தானுவ. மறுநாளு அவனுவள கேட்டுக்குள்ளயே விடல்லக்கா" என்று அவன் போனில் சொன்னான். சொன்னவனின் பாஸ்போர்ட் கம்பெனி அலமாரியில் இருக்கிறது. பேசியது தெரிந்தால், அவர்கள் மனசு வைத்தால்தான் அவன் வீடு வந்து சேர முடியும்.

அதனால் கட்டுரையில் பேரை மாற்றினாள், வயதை மாற்றினாள், தாராவியை மறைத்தாள். பீடத்தை மட்டும் விட்டுவைத்தாள். கடல் தாண்டிப் போயும் மாடனை விடாத திருநெல்வேலிக்காரன் என்று அவளுக்கு அப்படி ஒரு பெருமை. அந்தப் பெருமையில் ஒரு வரி எழுதிவிட்டாள். முகாமில் தமிழர்கள் நிறையப் பேர். பீடம் கட்டியவன் ஒருவன்தான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே வாய் இவளுடையது, கெடப்போகிறவன் முகேஷ். படித்த மேதாவிக்கு இது தோன்றவில்லை பாருங்கள்.

நேரே தாராவிக்கு ஓடினாள். முகேஷின் மனைவி கனகவள்ளி அடுப்பிலிருந்து இட்லிச் சட்டியை இறக்கிக்கொண்டிருந்தாள். உமா ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னாள்.

"அவிய பேர மாத்தத் தெரிஞ்ச ஒங்களுக்கு சாமிய மாத்தத் தெரியலயாக்கா?" என்றாள் கனகவள்ளி. சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் உமாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"முகேஷ் சொன்ன பகுதி முழுசையும் நான் இன்னைக்குப் படிக்கவே மாட்டேன் கனகா. அவன்ட்ட சொல்லிரு, யாரு கேட்டாலும்…"

"நான் சொல்லிக்கிடுதேன். நீங்க போங்க."

அரங்கில் போனை அணைத்துவிட்டு மேடை ஏறினாள். கட்டுரையின் நகல் எல்லார் கையிலும் இருந்தது. அந்தப் பகுதி வந்ததும் தாண்டிப் படித்தாள். அனந்தநாராயணன் எழுந்தார். அவர் கையில் போன். படம் வந்துவிட்டதோ என்று உமா அதையே பார்த்தாள்.

"பயிற்சியே நடக்கலைன்னு எழுதியிருக்கேள். படிக்கறச்சே அதை விட்டுட்டேள். அந்த வெல்டர் நிஜமாவே இருக்காரா?"

இருக்கிறான் என்றால், யார் என்பது அடுத்த கேள்வி. உமா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் பகுதிய வாபஸ் வாங்கிக்கிறேன் சார். எங்கிட்ட சாட்சி இல்ல."

"அப்போ பயிற்சி நடந்ததுன்னு வெச்சுக்கலாமா?"

"நடக்கலைன்னு நிரூபிக்க என்னால முடியல."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவளுடைய மாணவிகளும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். வருஷக்கணக்கில் அலைந்து சேர்த்த மானம் ஒரு நிமிஷத்தில் போனது. போகட்டும், முகேஷ் தப்பித்தால் சரி என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

வெளியே பஸ் நிறுத்தத்துக்கு வந்து போனை உயிர்ப்பித்ததும் அது அடித்தது. முகேஷ்தான்.

"எத்தன தடவ அடிச்சேன், ஆஃப்புல இருந்திச்சு. கனகா எல்லாஞ் சொன்னா. போட்டோ எடுக்க ஆளு வாரதுக்கு முன்னயே பீடத்த ஒடச்சி ஆத்துல தள்ளிட்டேங்க்கா."

மாடன் பீடத்தில் கை வைத்தால் குடும்பத்துக்கே ஆகாது என்று கேட்டு வளர்ந்தவள் உமா. அவனும் அப்படித்தான் வளர்ந்தவன்.

"மன்னிச்சிருன்னு மாடனக் கும்புட்டுக்கிட்டேன். ஆனா இனி எவன் வந்து தேடுனாலும் அங்கன வெறும் மண்ணுதான். பயிற்சி நடக்கலன்னு நீங்க பயப்படாம சொல்லுங்க. அந்தப் பயலுவ பாவம்க்கா, இப்பமும் கேட்டுக்கு வெளிய வந்து நிக்கானுவ. கூட்டம் முடிஞ்சிட்டா? சொல்லிட்டியளா?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இல்ல முகேஷ். சாட்சியே இல்லன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

முகேஷ் மெதுவாகக் கேட்டான்:

"அப்ப மாடன நான் எதுக்குக்கா ஒடச்சேன்?"