ஒற்றை இழைக்காரர்

எஞ்சின் இணைப்புகளில் கசிவை அடைக்கும் பேஸ்ட்டைப் பிதுக்குவதற்கு முன் மூச்சை அடக்கிக்கொள்வார் அந்த மெக்கானிக். தின்னர் தொட்ட துணியால் நான்கு தடவை துடைத்த விளிம்பில் நகத்தை ஓட்டிப் பார்ப்பார். பிசுக்கு இருந்தால் ஐந்தாவது தடவை. அப்புறம்தான் தீக்குச்சி கனத்தில் ஒரே ஓர் இழை, போல்ட் துளைகளைச் சுற்றிக்கொண்டு ஓடும். பட்டறையில் அவருக்கு ‘ஒத்த இழை’ என்றே பட்டப்பெயர்.

தண்ணீர் ஓடும் இடத்துக்குக் கறுப்பு பேஸ்ட், எண்ணெய் நிற்கும் இடத்துக்குச் சாம்பல், இரும்போடு இரும்பு ஒட்டி உட்காரும் இடத்துக்குச் சிவப்பு. “கறுப்பும் சாம்பலும் காத்து பட்டா காயும், செவப்பு காத்து படாட்டிதான் காயும். மாமியார் மருமக மாதிரி, ஒரே டப்பாவுல வைக்காதீங்க” என்பார். அள்ளி அப்புகிறவர்களைக் கண்டால் ஆகவே ஆகாது. “வெளிய பிதுங்குறது கண்ணுக்குத் தெரியும். உள்ள பிதுங்குறது எங்க போகும்னு யோசிச்சியா?” என்று வாங்கு வாங்கென்று வாங்கிவிடுவார்.

நேற்று அவருடைய அக்காவின் பள்ளி வேன் நடுச்சாலையில் நின்றுவிட்டது. மூன்று மாதத்துக்கு முன் அவரே பிரித்துக் கோத்த எஞ்சின், இறுகிப்போய் அசைய மறுத்தது. அந்த வேனை ஓட்டித்தான் அக்காவுக்குப் பிழைப்பு. “ஆயில் பாக்காம ஓட்டியிருக்கக்கா. நான் போட்ட எஞ்சின் அப்படி நிக்காது” என்று போனில் பொரிந்து தள்ளினார். “பாத்த மாதிரிதான்டா ஞாபகம். என் தப்பாதான் இருக்கும்” என்று அவளும் ஒப்புக்கொண்டாள்.

இன்று காலை, அக்கா ஸ்டூலில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்க, வேனுக்கு அடியில் படுத்தார். எண்ணெய் வடிக்கும் திருகைத் தளர்த்தியதும் எண்ணெய் கொட்டோ கொட்டென்று கொட்டியது. துளிகூடக் குறையவில்லை. எண்ணெய் நிற்கும் அடித்தொட்டியை இறக்கி, எண்ணெய் உறிஞ்சும் குழாயின் சல்லடையைக் கழற்றினார். அதில் ஓர் ஓட்டைகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. முழுக்கச் சாம்பல் நிறப் பேஸ்ட், காய்ந்து சுருண்ட துணுக்குகளாக அப்பிக் கிடந்தது. தொட்டி நிறைய எண்ணெய் இருந்தும் எஞ்சினுக்குள் ஏற வழியில்லை.

ஊரார் வண்டிக்கெல்லாம் ஒரே இழை. அக்கா வண்டியாயிற்றே, ஒரு சொட்டும் கசியக் கூடாது என்று அன்று முதல் இழையின் மேலேயே இன்னொரு சுற்று ஓட்டியிருந்தார். இருபது வருடமாக அடுத்தவர்களைத் திட்டிய அதே தப்பு, தன் கையாலேயே. அவரால் நம்ப முடியவில்லை.

“ஆயில் இல்லதானேடா?” அக்கா மெல்லக் கேட்டாள். “இனிமே தினமும் பாத்துடறேன்.”

மார்பின் மேல் துணி கிடந்தது. ஓர் இழுப்பில் துடைத்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அவர் வெளியே நகர்ந்து வந்து, துணியைக் கீழே போட்டார். எண்ணெய் சொட்டச் சொட்ட அந்தச் சல்லடையை அப்படியே எடுத்து, அக்காவின் கையைப் பிடித்து, உள்ளங்கையில் வைத்தார்.